கிட்டார் தந்தியும் நோயாளியின் விரலும்

நீண்டகால மருத்துவம் தொடங்கும் வேளையில் நோயாளியின் வீட்டார் எங்களிடம் கேட்பவை பெரும்பாலும் உணவு, குளியல், உறக்கம் பற்றிய கேள்விகளே. அவற்றினிடையே எப்போதாவது, சற்றுத் தயக்கத்துடன், வேறொரு கேள்வியும் எழுவதுண்டு: "மகன் கிட்டார் வாசிப்பான், டாக்டர். தந்தியெல்லாம் கறுத்துத் துருப்பிடித்துக் கிடக்கிறது. கிருமி ஏதும் ஒட்டிவிடுமோ? கொஞ்ச நாளைக்கு எடுத்துப் பரண்மேல் வைத்துவிடட்டுமா?"

பெரும்பாலான நோயாளிகளைப் பொறுத்தவரை எங்கள் தோல்நோய்ப் பிரிவின் விடை ஒன்றுதான். கிட்டாரை எடுத்து வைக்க வேண்டாம். தந்தியைத் துடைத்து வையுங்கள். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலையும் மாதங்களில் நோயாளியின் கையிலிருந்து பல வேலைகள் தாமாகவே நழுவிப்போகின்றன. எஞ்சியிருக்கும் ஒன்றையும் அச்சத்தின் பெயரால் நாமே பிடுங்கிவிடக் கூடாது. அதே சமயம், மெலிந்த தோலும் மரத்த விரலும் குறைந்த நோயெதிர்ப்பாற்றலும் உடையவர்கள் அந்தத் தந்திகளைக் கையாளும்போது சிலவற்றில் கவனமாக இருக்கவே வேண்டும். அவற்றை இங்கே விளக்க முயல்கிறோம்.

தந்தியில் படிவது என்ன?

உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையா. இது பலருக்கு வியப்பளிக்கும். விரலில் நாம் உணரும் பிசுக்கு முகத்தையோ தலைமுடியையோ தொட்டதனால் வந்தது; இல்லையேல் தின்பண்டத் தட்டிலிருந்து வந்தது. ஆனால் வியர்வைச் சுரப்பிகள் அப்படியல்ல. உடலில் அவை மிக நெருக்கமாக அமைந்திருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான். வியர்வையில் பெரும்பங்கு நீர். அத்துடன் உப்பும் சிறிதளவு லாக்டிக் அமிலமும் உண்டு. இரும்பையும் செம்பையும் அரிப்பதற்கு இந்தக் கரைசலே போதும். இவற்றோடு விரல் நுனியிலிருந்து ஓயாமல் உதிரும் இறந்த தோற்செல்களும் சேர்கின்றன. தந்தியின் மேல் தெரியும் கறுப்புப் படலம் இவை எல்லாம் கலந்த ஒன்றே.

உலோகத் தந்தி பூட்டிய சாதாரண கிட்டாரில் ஆறு தந்திகள் உள்ளன. மெல்லிய முதல் இரண்டும் வெள்ளீயப் பூச்சுப் பூசிய வெறும் எஃகுக் கம்பிகள். மற்ற நான்கும் எஃகுக் கம்பியின் மேல் வெண்கலம் போன்ற செம்புக் கலவைக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி உருவாக்கப்பட்டவை. அந்தச் சுற்றுகளின் இடுக்குகளில்தான் அழுக்கு தங்குகிறது. தங்கிய அழுக்கு தந்தியின் எடையை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கூட்டுகிறது. அதிர்வின் மேற்சுரங்களை அமுக்குகிறது. புதுத் தந்தியின் கணீரென்ற ஒலி மங்கி, மரப்பெட்டியைத் தட்டுவது போல ஆவதற்கும், எவ்வளவு முறுக்கினாலும் சுருதி நில்லாமல் போவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுவே. பச்சை நிறப் படிவு தெரிந்தால் அது செம்பின் களிம்பு. செம்பழுப்பு நிறம் எஃகின் துரு.

இந்தப் படிவிலிருந்து நோய் தொற்றுமா என்ற அச்சம் தேவைக்கு மேற்பட்டது என்றே கருதுகிறோம். ஒருவர் மட்டுமே வாசிக்கும் கிட்டாரில் இருப்பது அவருடைய தோலில் ஏற்கனவே குடியிருக்கும் கிருமிகள்தாம். வாசிக்கும் முன் சோப்பும் நீரும் கொண்டு கை கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் தந்தியும் காக்கப்படும், விரலும் காக்கப்படும். கவலைப்பட வேண்டியது கிருமியைவிடத் தந்தியின் சொரசொரப்பைப் பற்றித்தான். துருப்பிடித்த தந்தி அரம்போல் தோலைச் சுரண்டும். உறுதியான விரலுக்கு அது ஒரு சிறு எரிச்சல். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்டு மெலிந்துபோன தோலுக்கோ, புற்றுநோய் மருந்தினால் சிவந்து உரியும் விரலுக்கோ அது ஒரு புண்.

ஒரு சிலருடைய தந்திகள் வாங்கிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். கடையையோ தந்தி செய்தவரையோ நொந்துகொள்ளுமுன் அவர்கள் தம் உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். தாளில் எழுதும்போது தாள் நனையுமளவுக்கு வியர்க்கிறது என்றால் அது மிகை வியர்வை என்னும் நிலை. அதற்கு மருத்துவம் உண்டு.

துடைக்கும் முறை

இதற்கு வேண்டியது பஞ்சிழை ஒட்டாத, பழகி மென்மையான பருத்தித் துணி ஒன்று. பழைய பனியன் துணி மிகப் பொருத்தமானது. வாசித்து முடித்தவுடன், ஈரம் காய்வதற்குள், தந்தி தந்தியாகத் துடைக்க வேண்டும். துணியைத் தந்தியின் அடியில் நுழைத்து, மேலும் கீழும் சுற்றிக் கவ்வுமாறு பிடித்து, தந்தி பெட்டிமேல் அமரும் குதிரையிலிருந்து முறுக்காணி உள்ள தலைப்பகுதி வரை ஓரிரு முறை இழுத்தால் போதும். பெரும்பாலோர் மேற்புறத்தை மட்டும் துடைக்கிறார்கள். துரு தொடங்குவதோ விரற்பலகையை நோக்கிய அடிப்புறத்தில். ஆறு தந்திகளுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது. நோயாளிக்கு இயலாத நாளில் உடனிருப்பவர் இதைச் செய்யலாம். கிட்டார் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படிந்து இறுகிய பிசுக்குக்கு மட்டும், மாதம் ஒருமுறை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் சில சொட்டுகள் விட்டுத் துடைக்கலாம். தந்திக்கும் விரற்பலகைக்கும் இடையே ஓர் அட்டையைச் செருகிக்கொள்வது கட்டாயம். ஆல்கஹால் மரத்தை உலர்த்தும். அரக்கு மெருகிட்ட கிட்டாரில் ஒரு சொட்டு விழுந்தாலும் மெருகு கரைந்து தழும்பாகும். படுக்கையருகே தொங்கும் கைத்தூய்மித் திரவத்துக்கும் இது பொருந்தும். அதைத் தடவிய கை முழுவதும் காய்ந்த பிறகே கிட்டாரைத் தொட வேண்டும். அந்தத் திரவத்தையே தந்தி துடைக்கப் பயன்படுத்துவோரும் உண்டு. அதில் தோலின் நலனுக்காகச் சேர்த்துள்ள கிளிசரின் தந்தியில் ஒட்டிப் பிசுபிசுக்கும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் விளக்கு, ஊதுவத்தி அருகே இந்த வேலை வேண்டாம்.

வீட்டில் வீணை இருக்கும் குடும்பங்களில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் கிட்டாருக்கும் வந்துவிடுகிறது. வீணை வாசிப்போர் தந்தியின் மேல் விரல் வழுக்கிச் செல்வதற்காக இடக்கை விரல்களில் சிறிது எண்ணெய் தொட்டுக்கொள்வது நெடுநாள் வழக்கம். கிட்டாரின் சுற்றுத் தந்திக்கு அது ஆகாது. இடுக்குகளில் எண்ணெய் இறங்கித் தூசியைப் பற்றிக்கொள்ளும், ஒலி செத்துவிடும். தையல் இயந்திர எண்ணெயும் அவ்வாறே. கிருமி ஒழிக்கும் ஆர்வத்தில் வெளுப்புத்தூள் கரைசலால் துடைப்பது எல்லாவற்றிலும் கேடு. அது எஃகை அரித்துத் துருவை வரவழைக்கும். தந்திகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைக்கும் பழக்கம் பேஸ் கிட்டார்க் கலைஞர்களிடையே உண்டு. அழுக்கு போவது உண்மையே. ஆனால் ஒருமுறை முறுக்கிக் கழற்றிய மெல்லிய தந்தியை மீண்டும் முறுக்கினால் மடிந்த இடத்தில் அறுந்துபோக வாய்ப்பு மிகுதி. சில நூறு ரூபாயில் புதுத் தொகுதி கிடைக்கும்போது இந்தச் சிக்கனம் எதற்கு என்று தோன்றுகிறது.

நைலானும் அறுவைத் தையலும்

செவ்வியல் கிட்டாரில் உள்ளவை நைலான் தந்திகள். மேல் மூன்றும் ஒற்றை நைலான் இழை. கீழ் மூன்றும் நுண்ணிய நைலான் இழைக் கற்றையின் மேல் வெள்ளிப் பூச்சிட்ட செம்புக் கம்பி சுற்றியவை. மருத்துவமனை இதழொன்றில் இவற்றின் வரலாற்றைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

நைலான் வருவதற்கு முன் கிட்டார்த் தந்திகள் ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்யப்பட்டன. அதே குடல் நூல்தான் அறுவை மருத்துவர்களின் தையல் நூலாகவும் இருந்தது. 1869-இல் ஜோசப் லிஸ்டர் அதைக் கார்பாலிக் அமிலத்தால் தூய்மைப்படுத்தி இரத்தக் குழாய்களைக் கட்டப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரின்போது காயம்பட்டவர்களுக்கான தையல் நூலுக்கே குடல் தேவைப்பட்டதால் இசைக் கலைஞர்களுக்குத் தந்தி கிட்டவில்லை. அந்தத் தட்டுப்பாட்டின்போதுதான் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார் வினைஞர் நைலான் இழையைத் தந்தியாக்க முயன்றார். ஸ்பானிய மேதை ஆந்திரே செகோவியா அம்முயற்சிக்குத் துணைநின்றார். 1940-களில் நைலான் தந்தி நிலைபெற்றது. நைலான் அறுவை அரங்குக்குள்ளும் வந்தது. உங்கள் தோலில் நாங்கள் இட்ட நைலான் தையலும் செவ்வியல் கிட்டாரின் முதல் தந்தியும் இன்றும் ஒரே குலம்.

நைலான் துருப்பிடிக்காது. நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துப் பின் உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். மெட்டுகளின் மேல் அழுந்தும் இடங்களில் பள்ளம் விழுந்தாலோ, நான்காம் தந்தியின் சுற்று பிரிந்தாலோ மாற்ற வேண்டும். பெரும்பாலும் முதலில் அறுவது அந்த நான்காம் தந்தியே. விரல் நோகும் நோயாளிகளுக்கு இவ்வகைக் கிட்டாரையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். ஆனால் எஃகுத் தந்திக்கென்று செய்த கிட்டாரில் நைலானை மாட்டினால் ஒலி சரிவர எழும்பாது. நைலானுக்குரிய கிட்டாரில் எஃகை மாட்டினால் இழுவிசை தாங்காமல் குதிரையே பிய்ந்துகொண்டு வரக்கூடும்.

மாற்றும்போது கவனம்

எஃகுத் தந்தியின் ஆயுள் ஏறத்தாழ 100 மணி நேர வாசிப்பு அல்லது மூன்று மாதம் என்பது வாசிப்போரிடையே உள்ள பொதுக்கணக்கு. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அதைக் குறைத்துவிடும். துருவைச் சோதிக்க விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். சிறிது பஞ்சைத் தந்தியின் அடிப்புறமாக இழுத்துப் பாருங்கள். இழை சிக்கிக்கொள்ளும் இடத்தில் துருவோ பள்ளமோ இருக்கிறது. அந்தத் தந்தியின் காலம் முடிந்தது.

சுருதி சேர்த்த கிட்டாரில் ஒவ்வோர் எஃகுத் தந்தியும் சுமார் 10 முதல் 14 கிலோ எடை தொங்குவதற்கு ஈடான இழுப்பில் நிற்கிறது. ஆறும் சேர்ந்தால் 70 கிலோவைத் தாண்டும். முதல் தந்தியின் தடிப்போ வெறும் 0.3 மில்லிமீட்டர். இழுப்பைத் தளர்த்தாமல் வெட்டினாலோ, புதிதாக முறுக்கும்போது அறுந்தாலோ அதன் முனை சாட்டையாய்ச் சுழன்று முகத்தில் பாயும். விழியில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆகவே முதலில் முறுக்காணியைத் திருப்பித் தந்தி தொய்யும் வரை தளர்த்துங்கள், பிறகு வெட்டுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். முகத்தைத் தந்தியின் நேர்க்கோட்டிலிருந்து விலக்கியே வையுங்கள். கண்புரை அறுவையோ வேறு கண் அறுவையோ அண்மையில் செய்துகொண்டவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும்.

வெட்டிய முனை ஊசிக்குச் சமம். முறுக்காணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை ஒட்ட நறுக்குங்கள். நறுக்கிய துண்டுகளைக் குப்பைக்கூடையில் வெறுமனே போடாதீர்கள். குப்பை அள்ளுபவரின் கையில் அது தைக்கும். இன்சுலின் ஊசிகளுக்கு நாங்கள் சொல்லும் அதே முறைதான்: மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து மூடிவிடுங்கள்.

இரத்த வெள்ளையணுக்களோ தட்டணுக்களோ குறைந்திருப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள், நீரிழிவினால் விரல் உணர்ச்சி மங்கியவர்கள், மார்பக அறுவைக்குப் பின் கைவீக்கம் உள்ளவர்கள் ஆகியோர் தாமே தந்தி மாற்றக் கூடாது. வாசிக்கலாமா என்பதை அவரவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பல வேளைகளில் விடை 'ஆம்' என்றே இருக்கும். மாற்றும் வேலையைத்தான் வேண்டாம் என்கிறோம். ஆக்சாலிபிளாட்டின் மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்குச் சில நாட்கள் வரை குளிர்ந்த உலோகத்தைத் தொட்டாலே விரல்களில் மின்சாரம் பாய்வது போன்ற கூச்சம் எழும். குளிரூட்டிய அறையில் கிடந்த எஃகுத் தந்தி அப்படிப்பட்ட குளிர்ந்த உலோகமே. அந்த நாட்களில் துடைப்பதையும் உடனிருப்பவர் ஏற்றுக்கொள்ள, கூச்சம் அடங்கிய பின் நோயாளி வாசிக்கலாம்.

முனை தைத்துவிட்டால் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். துருவினால்தான் வில்வாத நோய் என்னும் டெட்டனஸ் வருகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அக்கிருமி மண்ணிலும் தூசியிலும் வாழ்வது. ஆழமாகவும் குறுகலாகவும் தைத்த புண் அதற்கு வசதியான இடம். கடைசித் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். மறுநாளும் சிவப்பும் வீக்கமும் பரவினால் வந்துவிடுங்கள். புற்றுநோய் மருந்து பெறுபவர்களுக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் கண்டால் காலை வரை காத்திருக்க வேண்டாம். எந்நேரமாயினும் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

தந்தியே நோயாகும்போது

எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்த கல்லூரி மாணவர் ஒருவருக்கு இடக்கையின் நான்கு விரல் நுனிகளில் மட்டும் வெடிப்பும் அரிப்பும் இருந்தன. வலக்கை சுத்தமாக இருந்தது. படர்தாமரை என்று எண்ணி மாதக்கணக்கில் களிம்பு தடவியிருந்தார். வாசிப்பை விட்டுவிடும்படி வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவர் வாசித்தது மின்கிட்டார். அதன் தந்திகளில் சுற்றப்பட்டிருப்பது பெரும்பாலும் நிக்கல் பூச்சிட்ட எஃகு. ஒட்டுச் சோதனையில் நிக்கல் ஒவ்வாமை தெளிவாகத் தெரிந்தது.

உலோக ஒவ்வாமைகளில் நிக்கலே மிகப் பரவலானது. காதணியாலும் பொத்தானாலும் வருவதை எல்லோரும் அறிவார்கள், தந்தியை நினைப்பதில்லை. வியர்வையில் நனைந்த உலோகத்திலிருந்துதான் நிக்கல் கரைந்து தோலுக்குள் செல்கிறது. எனவே துடைத்து உலர்த்துவது இவர்களுக்கு மருத்துவத்தின் ஒரு பகுதி. துருப்பிடிக்கா எஃகு சுற்றிய தந்தி நிக்கலை மிகக் குறைவாகவே வெளியிடும். மின்கிட்டாருக்கு அது கிடைக்கிறது. சாதாரண கிட்டாருக்குப் பாஸ்பர் வெண்கலச் சுற்றுத் தந்தி போதும். விரற்பலகையில் குறுக்கே பதிந்த மெட்டுகளும் வழக்கமாக நிக்கல் கலந்த உலோகமே. 'நிக்கல் வெள்ளி' என்று பெயர், வெள்ளி அதில் துளியும் இல்லை. நல்ல வேளையாக விரல் பெரிதும் தொடுவது தந்தியைத்தான். அந்த மாணவர் தந்தியை மாற்றினார், வாசித்தவுடன் துடைத்தார், நாங்கள் தந்த களிம்பைச் சில வாரம் பூசினார். தோல் தேறியது. இன்றும் வாசிக்கிறார்.

விரல் வலிப்பவர்கள் தந்தியின் இழுப்பையும் குறைத்துக்கொள்ளலாம். எல்லாத் தந்திகளையும் அரைச் சுரம் இறக்கினால் இழுப்பு ஏறத்தாழ 11 சதவீதம் குறையும். முழுச் சுரம் இறக்கினால் 21 சதவீதம். இங்கிலாந்தின் டோனி ஐயோமி 17 வயதில் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ளவராதலால் தந்தியை அழுத்தும் கை அதுவே. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய கிட்டார்த் தந்தி அன்று கிடைக்காததால் பேஞ்சோவின் தந்தியை மாட்டினார். பின்னாளில் சுருதியையும் இறக்கிக்கொண்டார். இன்று மெல்லிய தந்தி எந்த இசைக்கடையிலும் கிடைக்கிறது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. சர்க்கரை பார்க்க ஊசி குத்துவதை, தந்தியை அழுத்தும் கையில் செய்ய வேண்டாம். காய்ப்புக் காய்ந்த தோலில் இரத்தம் எளிதில் வராது. குத்திய இடத்தில் தந்தி அழுந்தினால் வலிக்கும். மீட்டும் கையின் சுண்டுவிரலுக்கு அவ்வளவாக வேலை இராது. அதன் பக்கவாட்டில் குத்தலாம். சலைன் ஊசி ஏற்ற வரும் செவிலியரிடமும் நீங்கள் எந்தக் கையால் தந்தியை அழுத்துகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இயன்றவரை மறுகையைப் பார்ப்பார்கள்.

நீண்ட நாள் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் வீட்டிலுள்ள கிட்டாரைத் துடைத்து, ஓரிரு சுற்று மட்டும் தளர்த்தி, பெட்டிக்குள் வையுங்கள். கிட்டாருக்கு உகந்த காற்றீரம் 45 முதல் 55 சதவீதம். நம் கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதியில் அது மிகுதி. மாத்திரைப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறிந்துவிடாமல் அந்தப் பெட்டிக்குள் போட்டு வைக்கலாம். குழந்தைகள் கையில் அவை அகப்படக் கூடாது.

விரல் நுனியில் ஆறாத வெடிப்போ அரிப்போ இருப்பவர்கள் தோல்நோய்ப் பிரிவுக்கு வரும்போது, பயன்படுத்திய தந்தியின் ஒரு துண்டையும் அது வந்த உறையையும் மூடிய டப்பாவில் கொண்டுவாருங்கள். ஒரு சொட்டு வேதிக்கரைசல் இட்டு, இளஞ்சிவப்பு நிறம் தோன்றுகிறதா என்று பார்த்து, அதிலிருந்து நிக்கல் கசிகிறதா என்பதை நாங்கள் அங்கேயே சொல்லிவிட இயலும். முதுகில் ஒட்டும் ஒட்டுச் சோதனை தேவைப்பட்டால் ஒரே வாரத்தில் மூன்று முறை வர வேண்டியிருக்கும்: ஒட்டும் நாள், 48 மணி நேரம் கழித்து, அதன்பின் ஓரிரு நாள் விட்டு மீண்டும். அதுவரை முதுகில் நீர் படக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர்கள் அதை முன்பே எங்களிடம் தெரிவித்துவிட வேண்டும். தாமாக நிறுத்திவிட்டு வரக் கூடாது.